கால்வாயில் கூட வந்தவர்

அந்தக் கால்வாயில் நான் துடுப்புப் போட்டது ஒரு மணி நேரம்கூட இருக்காது. ஆனால் அந்த நேரத்துக்குள் நான் பேசிய பேச்சு, அதற்கு முந்தின ஒரு வருஷத்தில் வெளி மனிதர்களிடம் பேசியதைவிட அதிகம்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில், உதிரிபாகங்கள் வந்து இறங்கும் பிளாஸ்டிக் டிரேக்களைக் கழுவி அடுக்குகிற வேலை எனக்கு. தண்ணீர் பீய்ச்சுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. கையைக் காட்டினால் போதும். பல வருஷமாக எனக்கு அது வசதியாக இருக்கிறது. படிப்பு ஐந்தாவதோடு நின்றது. நாலு பேர் கூடி உட்கார்ந்த இடத்தில் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். யாராவது நேராகக் கேட்டால் மட்டும் பதில் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது உள்ளதைத்தான் சொல்ல வரும். யோசித்து வேறு ஒன்றைச் சொல்வதற்கு ஒரு வேகம் வேண்டும். அது என்னிடம் கிடையாது.

இதனால் என் மகளுக்கு வந்த ஒரு வரன் போனது. வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வீட்டுக்கு வந்து பெண் பார்த்தார்கள். மகள் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். டிப்ளமோ முடித்தவள். பையனின் மாமா, "பொண்ணு பர்மனெண்டா?" என்று கேட்டார். என் மனைவியின் தம்பி முந்திக்கொண்டு, "போன மாசந்தான் கன்ஃபார்ம் ஆச்சுங்க" என்றான். அவர் அதோடு விடாமல் என் பக்கம் திரும்பி, "அப்படிங்களா?" என்றார். "இல்லீங்க, கான்ட்ராக்ட்தான்" என்றேன். கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் திரும்ப வரவில்லை. மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மைத்துனன் மட்டும் தெருவில் பார்க்கும்போதெல்லாம், "இன்னா மாமா, இன்னிக்கு எவன்கிட்ட உண்மைய சொன்னே?" என்று கேட்பான். அவன் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். எங்கள் வீட்டில் எந்த முடிவும் அவன் வந்து போன பிறகுதான் முடிவாகும்.

மகள் அன்றைக்கு என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கும் எனக்கும் இடையில் வேறு ஒரு விஷயம் இருந்தது.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, நைட் ஷிப்ட் முடிந்த அவளைக் கம்பெனி பஸ் விடும் இடத்திலிருந்து வண்டியில் ஏற்றி வந்தேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, இடது கண்ணுல பாதி தெரியல. நாலு நாளா அப்படித்தான் கீது" என்றாள். தாம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண் நரம்பில் வீக்கம் வந்து வற்றியிருக்கிறது என்றார் டாக்டர். போன பார்வை முழுசாக வராது, கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார். வலது கண்ணுக்கு ஒன்றுமில்லை.

"அம்மாகிட்ட சொல்லாதப்பா" என்றாள் மகள். "அம்மா மாமாகிட்ட சொல்லும். மாமா ஊருக்கே சொல்லும். அப்புறம் அந்தப் பேரு எம்மேல ஒட்டிக்கும்."

யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நாங்கள் இரண்டு பேரும் மணிமங்கலம் கோயிலுக்குப் போவதாக அவள் அம்மாவிடம் சொல்வாள். நான் பக்கத்தில் பேசாமல் நிற்பேன். ஆஸ்பத்திரி முடிந்து திரும்பும்போது நிஜமாகவே மணிமங்கலத்தில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் வருவோம். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று நான்தான் அப்படி வைத்தேன். அவள் சிரிப்பாள். என் வாழ்க்கையில் என்னை நம்பி ஒருவர் ஒப்படைத்த ரகசியம் அது ஒன்றுதான்.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளம் பக்கம் படகு விடப் போகலாம் என்று மைத்துனன் சொன்னான். பழைய வெள்ளைக்காரன் காலத்துக் கால்வாயில் நாமே துடுப்புப் போட்டுக்கொண்டு போகலாமாம். அவன் கம்பெனியில் தெரிந்த ஒருவர் குடும்பமும் அங்கே வருகிறது, சேர்ந்து சாப்பிடலாம் என்றான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் குடும்பமாக வெளியே போவது என்றால் திருத்தணி, இல்லாவிட்டால் ஏதாவது கல்யாணம். மனைவி மறுபேச்சில்லாமல் புளிசாதமும் உருளைக்கிழங்கும் செய்தாள். எனக்குப் புதுச் சட்டையை எடுத்து வைத்தாள்.

"தண்ணில எறங்கறதுக்கு எதுக்கு புதுச் சட்ட?" என்றேன்.

"போட்டோ எடுப்பாங்க. போட்டுகினு வா" என்றாள்.

சேரப்பணஞ்சேரியிலிருந்து மைத்துனனின் காரில் படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனோம். மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வழி முழுக்க அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஷிப்ட் அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குடும்பம் எங்களுக்கு முன்பே வந்திருந்தது. என் வயதில் ஒருவர், நரைத்த மீசை, மடித்துக் கட்டிய வேட்டி. அவர் மனைவி, கல்யாணமான மகள், ஒரு மகன். மகன் மைத்துனனோடு போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். நானும் சொல்லிவிட்டு ஒதுங்கினேன்.

படகுத்துறையில் கால்வாயைப் பற்றி ஒரு போர்டு வைத்திருந்தார்கள். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் போர்டைக் கண்டால் முழுசாகப் படித்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் ஆந்திராவிலிருந்து மரக்காணம் வரைக்கும் இந்தத் தண்ணீர் வழியாகவே உப்பும் விறகும் நெல்லும் போயினவாம். பஞ்சத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் வந்தவர்களைக் கூலிக்கு வைத்து வெட்டின கால்வாயாம். நான் படித்து முடித்துத் திரும்புவதற்குள் யார் எந்தப் படகு என்று மைத்துனன் பிரித்து முடித்திருந்தான். படகுக்கு இரண்டு பேர். அவனும் அந்தப் பையனும் ஒன்றில். என் மகளும் அந்தப் பெண்ணும் ஒன்றில். நானும் மீசைக்காரரும் ஒன்றில்; அது அவரே கேட்டுக்கொண்டதாம். பெண்டாட்டிமார் இரண்டு பேரும் தண்ணீர் பயம் என்று கொட்டகை நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

"நானும் பொண்ணும் ஒண்ணா போறோமே" என்றேன்.

"தெனமும் அதத்தானே வண்டில இட்டுகினு போறே. இன்னிக்கி விடு மாமா" என்றான் மைத்துனன்.

குறுகலான, நீளமான படகு. ஏறும்போதே ஆடியது. பின்னால் உட்காருகிறவர்தான் படகைத் திருப்ப வேண்டும், முன்னால் இருப்பவர் தள்ளினால் போதும் என்றார் படகுக்காரர். என்னைப் பின்னால் உட்கார வைத்தார்கள். மீசைக்காரர் முன்னால். அதனால் எனக்கு அவர் முகம் தெரியவில்லை. சிவப்பு லைஃப் ஜாக்கெட் போட்ட முதுகு மட்டும் தெரிந்தது.

முதல் பத்து நிமிஷம் இரண்டு பேரும் துடுப்பை மோதிக்கொண்டோம். அவர் வலது பக்கம் போட்டால் நான் இடது பக்கம் போட வேண்டும் என்று புரிவதற்குள் சட்டை நனைந்தது. பிறகு கை பழகிவிட்டது. இரண்டு பக்கமும் செடி அடர்ந்த கரை. எங்கள் முன்னால் மடவை மீன் தண்ணீரிலிருந்து எகிறி விழுந்தது. தூரத்துப் பாலத்தில் போகிற லாரிச் சத்தம் இங்கே வரும்போது மெலிந்துவிட்டது. டிரே கழுவுகிற இடத்தில் இத்தனை வருஷம் நின்ற எனக்கு, தண்ணீரிலிருந்து இவ்வளவு சின்னச் சத்தம் வரும் என்பதே மறந்துபோயிருந்தது.

அவர் கேட்டார், நான் சொன்னேன். என்ன வேலை, எந்த ஷிப்ட், முதுகு வலிக்குமா. ஒரு முதுகைப் பார்த்துப் பதில் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் புது ஆள் ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வியே எந்த ஊர், எந்தத் தெரு, யார் பங்காளி என்றுதான் வரும். அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் மற்ற பேச்சு. அவர் அதைக் கேட்கவே இல்லை. பெரிய மனசு என்று நினைத்தேன். அதெல்லாம் அவருக்கு முன்னாலேயே தெரியும் என்பது எனக்கு எட்டவில்லை.

மகளின் படகு எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவளும் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கக் கரையிலிருந்து செடி நீட்டிக்கொண்டிருந்த இடங்களிலெல்லாம் அவர்கள் படகு போய் முட்டியது. முன்னால் இருந்த பெண் கிளையைப் பிடித்துத் தள்ளிவிட்டுச் சிரித்தாள். மறுபடியும் போய் முட்டியது. மூன்றாவது தடவை, மீன் வலை கட்டியிருந்த கம்பு ஒன்றில் போய் இடித்தது.

மீசைக்காரர் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "இன்னா சார், உங்க பொண்ணு கண்ண மூடிகினு ஓட்டுதா? இவ்ளோ பெரிய கம்பு."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் என் மகளைப் பார்த்து ஒருவர் சிரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் வேலையில் கெட்டிக்காரி. கைப்பழக்கம் சுத்தமானது. இந்த மனிதரை இனி நான் எங்கே பார்க்கப் போகிறேன்? சாப்பிட்டுவிட்டு அவர் வழியே அவர் போவார்.

"அப்படி இல்லீங்க" என்றேன். "அதுக்கு இடது கண்ணு சரியாத் தெரியாது. வலது கண்ணு ஒண்ணுலதான் எல்லா வேலையும் பாக்குது. அந்தப் பக்கம் வர்றது அதுக்குத் தெரியல."

முதுகு அசையாமல் இருந்தது. "அப்படியா? எப்பத்துலேருந்து?"

சொன்னேன். மழைக்காலம், நாலு நாள், தாம்பரம், டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும். மணிமங்கலம் கோயிலில் இறங்கிக் கும்பிடுவதைக்கூடச் சொன்னேன். ஒரு வருஷமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது ஒவ்வொன்றாக இறங்கிற்று. சொல்லச் சொல்ல எனக்கு லேசாக இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

"அவங்க அம்மாவுக்கே தெரியாதுங்க" என்று முடித்தேன். "நீங்க யார்கிட்டயும்…"

"எனக்கு எதுக்கு சார் அதெல்லாம்? நான் கேக்கவே இல்லன்னு வெச்சுக்கங்க" என்றார். பிறகு துடுப்பை எடுத்துப் போட ஆரம்பித்தார். திரும்பி வரும் வழியில் அவர் எதுவும் பேசவில்லை. கை வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து அவர் பங்கையும் சேர்த்து நானே துடுப்புப் போட்டேன்.

கரை ஏறியதும் அவர் நேராகக் கொட்டகைக்குப் போனார். நான் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன். அங்கே என் மனைவி புடவை மாற்றியிருந்தாள். பட்டு இல்லை, ஆனால் கல்யாணத்துக்குக் கட்டுகிறது. பாயில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, பழம். மீசைக்காரர் மனைவியின் மடியில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைப் பூ. பந்து பந்தாக, ஐந்து முழம் இருக்கும். பெண்ணைப் பிடித்துவிட்டால் தலையில் வைத்துவிட்டுப் போகிற பூ. படகு விட வந்தவர்கள் இத்தனை பூவை எதற்கு வாங்கி வரவேண்டும் என்று ஒரு நிமிஷம் நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. புதுச் சட்டை, மகளின் மௌனம், படகு பிரித்தது. அந்தப் பையன் என் மகளைப் பார்த்துவிட்டு உடனே போனைப் பார்த்தான். அவன்தான் மாப்பிள்ளை. அவன் அப்பாவைத்தான் நான் படகில் வைத்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மீசைக்காரர் தன் மனைவியைக் கொட்டகைக்கு வெளியே கூப்பிட்டுத் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தார். பிரித்து வைத்திருந்த வாழையிலையை மறுபடியும் மடித்து, நாரால் கட்டி, பைக்குள் வைத்தார்.

"இன்னா சார், பூ வைக்கலாமே?" என்றான் மைத்துனன்.

"இல்ல தம்பி. இன்னிக்கி நாள் சரியில்லன்னு இவ சொல்றா. போன்ல பேசிக்கலாம்" என்றார் மீசைக்காரர். எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு என் தோளில் கை வைத்தார். "நீங்க நல்ல மனுசன் சார். கண்ணு விஷயத்த முன்னாடியே சொன்னீங்க. அப்புறம் தெரிஞ்சிருந்தா ரெண்டு வூட்டுக்கும் சங்கடம்."

கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்ற மனிதர், என்னைப் பாராட்டுகிற மாதிரி எல்லார் முன்னாலும் அதைப் போட்டு உடைத்தார்.

"இன்னா கண்ணு விஷயம்?" என்றாள் என் மனைவி.

மகள் என்னைப் பார்த்தாள். பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கோபம் என்றால் எனக்குப் பழக்கமானது. இது அதற்கு முந்தினது, நம்ப முடியாமல் பார்ப்பது.

காரில் ஏறியதும் தாம்பரம் ஆஸ்பத்திரி, மணிமங்கலம் கோயில் எல்லாவற்றையும் மகளே அம்மாவிடம் சொல்லி முடித்தாள். கேளம்பாக்கம் தாண்டியதும் மைத்துனன் ஆரம்பித்தான்.

"மாமா, ஒரே ஒரு மணி நேரம். அது வரைக்கும் உன் வாய்லேந்து ஒண்ணும் வரக்கூடாதுன்னுதானே சொல்லாம இட்டாந்தோம்."

"சொல்லியிருந்தா பேசாம இருந்திருப்பேனே" என்றேன்.

"யாரு, நீயா? வாலாஜாபாத்காரன் கேசரி துன்னுட்டுப் போனானே, அப்ப சொல்லிட்டுத்தானே ஒக்கார வெச்சோம்?"

மனைவி முன் சீட்டிலிருந்து திரும்பவே இல்லை. "ஒரு வருசம்" என்றாள். "ஒரு வருசமா கோயிலுக்குப் போறோம், கோயிலுக்குப் போறோம்னு ரெண்டு பேருமா. நான் துன்னூறு வாங்கி நெத்தில இட்டுகினு நின்னேன். எவனோ ஒருத்தன் சொல்லி எம் பொண்ணு கண்ண நான் தெரிஞ்சிக்கணுமா?"

அவள் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான் என்று தோன்றியது. ஆனாலும் என் மனசு சமாதானமாகவில்லை. அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து என் கண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் வீட்டுப் பெண்ணை வந்து பார்க்கிறார்கள், ஊரில் யார் யாருக்கோ தெரிந்திருக்கிறது, பெற்றவனுக்குத் தெரியாது. தட்டு, வெற்றிலை எல்லாவற்றையும் முந்தின நாளே பையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். புளிசாதத்துக்கு அடியில் அந்தத் தட்டு இருந்திருக்கிறது. அந்தப் பையைக் காருக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான்.

வீட்டுக்கு வந்த பிறகு, மகள் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்கிட்ட மட்டுந்தான்பா சொன்னேன்" என்றாள், துணியைப் பார்த்தபடியே.

"உனக்குத் தெரிஞ்சிருக்குதே. நீயாவது எங்கிட்ட ஒரு வார்த்த…"

"அம்மா சத்தியம் வாங்கிச்சு. இருந்தாலும் படகு ஏறதுக்கு முன்னாடி சொல்லிடலாம்னு வந்தேன். நீ போர்டு படிச்சிகினு இருந்தே. மாமா கூப்ட்டுச்சு, போயிட்டேன்." இன்னொரு துணியை எடுத்து உதறிவிட்டு, "சொல்லாம வுட்டது தப்புதான். அதுக்காவ, ஊர் பேர் தெரியாதவன்கிட்டயா சொல்லுவ?" என்றாள்.

ஊர் பேர் தெரியாதவன் என்பதால்தான் சொன்னேன் என்று அவளிடம் விளக்க முயன்றேன். வார்த்தை கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் சரியாகக் கிடைக்கவில்லை.

மூன்று நாள் கழித்து மைத்துனனுக்குப் போன் வந்தது. ஜாதகம் ஒத்து வரவில்லையாம்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் வண்டியைத் துடைத்து வைத்துக் காத்திருந்தேன். மனைவியும் மகளும் காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டிருந்தார்கள். அதற்கடுத்த தடவையும் அப்படியே. டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. அவர்களும் சொல்லவில்லை.

போன மாதம் இன்னொரு இடத்திலிருந்து பார்க்க வருவதாக இருந்தது. வடக்குப்பட்டுக்காரர்கள். இந்த முறை மனைவி இரண்டு நாள் முன்பே எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, "நீ வோணும்னா அன்னிக்கி ஓவர்டைம் போட்டுக்க" என்றாள். நான் வீட்டில் இருக்கலாமா என்று மகளிடம் போய்க் கேட்டேன்.

"இருப்பா" என்றாள். "கண்ணு விஷயத்த மொதல்ல நானே சொல்லிடறேன். உன்னக் கேட்டாங்கன்னா, ஆமான்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல ஒண்ணும் வாணாம்."

வந்தார்கள். பையனின் அம்மா, அப்பா, ஒரு அத்தை. மகள் காப்பியைக் கொடுத்துவிட்டு அவர்கள் எதிரே உட்கார்ந்து, தயங்காமல் சொன்னாள். இடது கண் இப்படி ஆனது, வலது கண்ணுக்கு ஒன்றுமில்லை, வைத்தியம் பார்க்கிறேன் என்று. அந்த அம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "இப்ப எப்படிம்மா கீது?" என்றார்.

"இப்ப எவ்ளோ தேவலங்க. போன வாட்டி டாக்டரு பார்த்துட்டு, இவ்ளோ தேறும்னு அவரே நெனைக்கலன்னாரு. இனிமே வருசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்னு சொல்லிட்டாரு" என்றாள் மகள்.

எனக்கு அது தெரியாது. அந்தப் பாயில் உட்கார்ந்திருந்த வெளி மனிதர்கள் மூன்று பேரோடு நாலாவது ஆளாக நானும் அப்போதுதான் அதைக் கேட்டேன். மனைவி வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

பையனின் அப்பா என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றேன்.